சீனச் சாப்பாடு, வெள்ளைக்காரச் சாப்பாடு, நம்ம தட்டு

முட்டுக்காடு படகுக் குழாமுக்குக் கொஞ்சம் வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமா என் தம்பி மகன் ஒரு தள்ளுவண்டி போட்டிருக்கான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடுப்பு மூட்டினா ராத்திரி பதினொண்ணு வரைக்கும் சட்டி ஓயாது. வண்டியில சிவப்பு எழுத்துல ‘சைனீஸ் பாஸ்ட் புட்’னு போட்டு, பக்கத்துல ஒரு டிராகன் படம்.

2019 அக்டோபர் 11 அன்று சீன அதிபர் மாமல்லபுரம் வந்தார் இல்லையா, இந்தச் சாலை வழியாகத்தான் போனார். அன்னைக்குப் பையன் வண்டி போடவில்லை. “பாருங்க பெரியப்பா, சீனாக்காரர் வர்றாருன்னு சைனீஸ் கடைக்கு லீவு” என்று சிரித்தான். அப்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. அவர் ஒருவேளை காரை நிறுத்தி இறங்கி, இவன் வண்டியில் ஒரு பிளேட் வாங்கிச் சாப்பிட்டிருந்தால், ‘இது எங்க ஊர் சாப்பாடு’ என்று ஒத்துக்கொண்டிருப்பாரா?

அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன். இந்த ஆண்டு நம் இயற்கை உழவர் மாதக் கூட்டத்தில் “உணவு பற்றி நீங்க ஒரு வகுப்பு எடுங்கண்ணே” என்று கேட்டபோதுதான் திரும்ப எடுத்தேன். என் எண்ணம் என்னவென்றால், பிரைட் ரைஸைக் கிழி கிழியென்று கிழிப்பது, கடைசியில் நம் பாரம்பரிய அரிசியைத் தூக்கிப் பிடிப்பது. கைதட்டு நிச்சயம். ஆனால் கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு கால் எரிச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.9 என்று சீட்டில் வந்தது.

எனக்கு நம்பிக்கையே வரவில்லை. பதினாலு வருஷமாக யூரியா மூட்டையைக் கையால் தொடவில்லை. சொந்தக் கிச்சிலிச் சம்பா, சொந்தக் கீரை, செக்கில் ஆட்டிய கடலெண்ணெய். தம்பி மகன் வண்டியில் ஒரு வாய் கூடத் தின்றதில்லை. அந்த டாக்டரம்மாவிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவங்க கேட்டது ஒரே கேள்வி: “ஒரு நாளைக்கு எவ்வளவு சோறு சாப்பிடுறீங்க, கிராம்ல சொல்லுங்க.”

கிராமில் எனக்கு என்ன தெரியும்? வயிறு நிறைய என்றேன். “வீட்டுக்குப் போய் நிறுத்துப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார்.

தராசு வந்தது

கீரை, வெண்டை விற்க ஒரு மின்தராசு வைத்திருக்கிறேன். அதைச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோனதும் வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மதியம் வழக்கம்போல் போட்டுக்கொண்ட சோறு 610 கிராம். ராத்திரி 480. காலையில் நாலு இட்லி தனிக் கணக்கு. கீரைக் கூட்டு 60 கிராம். சாம்பாரில் கிடந்த காய், கீரை எல்லாம் சேர்த்து நாள் முழுக்க 130 கிராம் தேறவில்லை. கீரை விக்கிறவன் வீட்டில் கீரை இவ்வளவுதான். “விக்காத கட்டுதானே வீட்டுக்கு வருது” என்றாள் என் மனைவி. உண்மை அதுதான்.

அன்று சாயங்காலமே தராசைத் தூக்கிக்கொண்டு தம்பி மகன் வண்டிக்குப் போனேன். ஒரு முட்டை பிரைட் ரைஸ். மொத்தம் 460 கிராம். அதில் சோறு 330. கோஸ், கேரட், கொடமிளகாய் எல்லாம் சேர்த்து 45. ஒரு முட்டை. எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றச் சொன்னேன். 40 மில்லிக்கு மேல் போனது.

இதில் என்னைக் குத்தியது ஒன்று. நான் திட்டலாம் என்று நினைத்திருந்த பிளேட்டில் இருந்த சோற்றைவிட, நான் புகழலாம் என்று நினைத்திருந்த என் தட்டில் சோறு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவன் பிளேட்டில் தப்பு எண்ணெய். என் தட்டில் தப்பு சோறு. காய்கறி இரண்டிலும் இல்லை.

கூட்டத்துக்கு எழுதி வைத்திருந்த குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, சீனக்காரர் உண்மையில் என்ன சாப்பிடுகிறார், வெள்ளைக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று படிக்க உட்கார்ந்தேன். அதன் சுருக்கம்தான் இந்த வகுப்பு.

வண்டியில் இருப்பது எந்த ஊர்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கோபி மஞ்சூரியன், சில்லி சிக்கன், செஷ்வான் என்று நம் பிள்ளைகள் சாப்பிடுவதெல்லாம் இந்தியாவில் பிறந்தவை. கொல்கத்தாவில் குடியேறிய சீனக் குடும்பங்கள் நம் நாக்குக்கு ஏற்றமாதிரி இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் சேர்த்துச் சமைக்க ஆரம்பித்ததில் இருந்து வந்த வழி இது. அப்படிக் கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையல்காரர் 1970-களின் நடுவில் மும்பையில் மஞ்சூரியனை முதலில் செய்தார் என்று சொல்வார்கள். மஞ்சூரியா என்பது சீனாவின் வடகிழக்குப் பகுதி. அங்கே போய் ‘கோபி மஞ்சூரியன் இருக்கா’ என்று கேட்டால் முழிப்பார்கள்.

சரி, அதன் கட்டுமானம் என்ன? தீட்டிய வெள்ளை அரிசி, மைதா, சோளமாவு, பாமாயில், சர்க்கரை போட்ட சாஸ், நிறமி. இந்தப் பட்டியலில் டிராகன் படத்தை எடுத்துவிட்டுப் பர்கர் படத்தை ஒட்டினாலும் பொருந்தும். பெயர் சீனம், உடம்பு வெள்ளைக்காரத் துரித உணவு.

அஜினமோட்டோ பற்றிக் கூட்டத்தில் கட்டாயம் கேட்பீர்கள், இப்பவே சொல்லிவிடுகிறேன். அது சீனப் பொருளும் இல்லை. 1908-ல் ஜப்பானில் கிகுனாயே இகேடா என்ற வேதியியலாளர் கடல்பாசியில் இருந்து பிரித்தது. அந்தச் சுவையைத் தரும் குளுட்டமேட் தக்காளியிலும் இருக்கிறது. 1968-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு கடிதத்தில் இருந்துதான் ‘சீன ஓட்டல் நோய்’ என்ற பேச்சே கிளம்பியது. சமையலில் போடும் அளவுக்கு அது பெருங்கேடு செய்யும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டவில்லை. இதைச் சொன்னால் நம் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். நானும் வாங்கிப் போடச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சிட்டிகையையே பிடித்துக்கொண்டு தொங்கினால், பக்கத்தில் தளதளவென்று கொதிக்கிற நேத்து எண்ணெய் நம் கண்ணில் இருந்து தப்பித்துவிடுகிறது. என் கோபம் அந்த எண்ணெய் மேல்தான்.

சீனக் கிராமத்துத் தட்டு

1983-84-ல் சீனாவில் 65 மாவட்டங்களில் சுமார் 6,500 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பெரும்பாலும் கிராமத்துச் சனம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் கேம்பல், சீனாவின் ஜுன்ஷி சென், ஆக்ஸ்போர்டின் ரிச்சர்டு பீட்டோ ஆகியோர் சேர்ந்து செய்தது. ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், வீடு வீடாகப் போய் மூன்று நாள் என்ன சமைக்கிறார்கள் என்று நிறுத்துப் பார்த்தார்கள். நான் ஒரு நாள் செய்த வேலையை அவர்கள் நாடு பூராவும் செய்தார்கள்.

அதில் இருந்து சில எண்கள். ஒரே 65 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால், சீனருக்கு நாளைக்கு 2,641 கலோரி, அமெரிக்கருக்கு 1,989. எண்கள் இடம் மாறிவிடவில்லை. சீனர்தான் அதிகம் சாப்பிட்டார், ஆனாலும் அமெரிக்கர்தான் குண்டு. அன்றைய சீனக் கிராமத்தான் வயலில் குனிந்து நிமிர்ந்தான், சைக்கிள் மிதித்தான் என்பது ஒரு காரணம். அதைவிட, அந்தக் கலோரி எதில் இருந்து வந்தது என்று பாருங்கள். கொழுப்பில் இருந்து சீனருக்கு 14.5 விழுக்காடு, அமெரிக்கருக்கு 34-க்கு மேல். நார்ச்சத்து சீனருக்கு 33 கிராம், அமெரிக்கருக்கு 12. புரதம் சீனருக்கு 64 கிராம், அமெரிக்கருக்கு 91. சீனர் தின்ற புரதத்தில் பத்தில் ஒரு பங்குதான் கறி, மீன், முட்டையில் இருந்து வந்தது. மற்றதெல்லாம் தானியம், சோயா, பயறு, கீரை. ரத்தக் கொழுப்பு சராசரி 127. அமெரிக்காவில் அப்போது 200-க்கு மேல்.

இந்த ஆய்வை வைத்து கேம்பல் 2005-ல் ஒரு புத்தகம் எழுதினார், உலகம் பூரா விற்றது. ஆனால் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். மாவட்டச் சராசரியை மாவட்டச் சராசரியோடு ஒப்பிட்டது இந்த ஆய்வு. இந்த ஆள் இதைத் தின்றான், அதனால் இந்த நோய் வந்தது என்று அதில் இருந்து நேராகச் சொல்ல முடியாது. இறைச்சி, பாலே கூடாது என்ற அளவுக்கு அவர் இழுத்ததை மற்ற ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. மாடு வைத்திருக்கிற நானும் ஏற்கவில்லை. தட்டில் என்ன இருந்தது என்ற கணக்கு மட்டும் நமக்குப் போதும்.

சீனா என்றால் அரிசி என்று நினைக்கிறோம். தெற்கில்தான் அரிசி. வடக்கில் கோதுமை, மக்காச்சோளம், சோளம், தினை. உங்க பையன் கையில் ரெட்மி போன் இருக்கா? அதைச் செய்கிற ஷாவ்மி கம்பெனியின் பெயருக்கு ‘சின்ன அரிசி’ என்று பொருள். வட சீனாவில் தினைக்கு அதுதான் பெயர். தினையையும் பனிவரகையும் சுமார் 8,000 ஆண்டுக்கு முன்பே பயிர் செய்தவர்கள் அவர்கள். லாஜியா என்ற இடத்தில் 4,000 ஆண்டு பழைய ஒரு கிண்ணத்தில் நூடுல்ஸ் கிடைத்தது. அது தினை, பனிவரகு மாவில் செய்தது என்று 2005-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நூறு கிராம் தினையில் புரதம் 12 கிராம் அளவுக்கு இருக்கிறது, தீட்டிய அரிசியில் 8-ஐத் தாண்டாது. ஆதி நூடுல்ஸ் சிறுதானிய நூடுல்ஸ். இன்னைக்கு நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது மைதாவில்.

பதிலுக்கு நாம் அவர்களுக்குக் கொடுத்ததும் ஒன்று உண்டு. பச்சைப்பயறு இந்தியாவில் பயிரானது, இங்கிருந்து கிழக்கே போனது. சீனச் சமையலில் வெள்ளையாக, விரல் நீளத்துக்கு ஒரு முளை போடுவார்களே, அது நம்ம பச்சைப்பயறுதான்.

அப்புறம் சோயா. சோயா விதையில் ஏறக்குறைய 40 விழுக்காடு புரதம். அதை அவர்கள் பாலாக்கி, பால்கட்டியாக்கி, புளிக்க வைத்துச் சாப்பிடுகிறார்கள். நல்ல சோயா சாஸ் என்பது சோயாவும் கோதுமையும் பூஞ்சணம் பிடித்து மாதக்கணக்கில் பானையில் ஊறுவது. வண்டியில் நிற்கிற மலிவான பாட்டில் பெரும்பாலும் அமிலத்தில் வேகவைத்து, கருக்கிய சர்க்கரையில் நிறமேற்றியது. ஊறுகாய்க்கும் ஊறுகாய்ப் பொடிக்கும் உள்ள வித்தியாசம்.

குறையையும் சொல்லணும். சீனச் சாப்பாட்டில் உப்பு ரொம்ப அதிகம். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது. சீன வீடுகளில் அதுபோல இரண்டு மடங்கு. பக்கவாதம் அங்கே அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கேளம்பாக்கம் உப்பளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சேர்த்துத் தின்கிற நமக்கு இதில் சிரிக்க ஒண்ணுமில்லை.

இன்னொன்று, நான் சொன்ன சீனத் தட்டு 1983-ன் தட்டு. அந்தக் காலத்தில் அங்கே நூற்றில் ஒருவருக்குக் கூடச் சர்க்கரை நோய் இல்லை. 2010-ல் எடுத்த கணக்கில் பெரியவர்களில் 11.6 விழுக்காடு. முப்பதே ஆண்டில். எண்ணெயும் இறைச்சியும் இனிப்புப் பானமும் ஏறின, சைக்கிள் இறங்கியது. நம் நாட்டுக் கணக்கு 2023-ல் வந்தது: 11.4 விழுக்காடு. தமிழ்நாடு 14.4. அந்த 14.4-ல் இப்போது நானும் ஒருத்தன்.

வெள்ளைக்காரத் தட்டு

இதை நீட்டப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். அமெரிக்கர் சாப்பிடும் கலோரியில் பாதிக்கு மேல் ஆலையில் பிரித்துச் சேர்த்துச் செய்த பொருளில் இருந்து வருகிறது. 2019-ல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிலையத்தில் கெவின் ஹால் என்பவர் 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைச் சாப்பாடு, இரண்டு வாரம் வீட்டுமுறைச் சாப்பாடு என்று கொடுத்துப் பார்த்தார். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலைச் சாப்பாட்டு வாரங்களில் நாளைக்கு 500 கலோரி அளவுக்கு அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. பசியால் சாப்பிட்டதில்லை. மெல்ல வேலையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிற சாப்பாடு அது.

மேற்கு முழுவதும் ஒரே தட்டு என்றும் சொல்லக்கூடாது. கிரீஸ், தெற்கு இத்தாலிப் பக்கம் ஒலிவ எண்ணெய், பயறு, கீரை, மீன் என்று நல்ல சாப்பாடு இருந்தது. பின்லாந்தில் வட கரேலியா என்ற மாவட்டத்தில் வெண்ணெயும் உப்பும் புகையிலையுமாக ஆண்கள் நடுவயதில் மாரடைப்பில் விழுந்துகொண்டிருந்தார்கள். 1972-ல் ஊரே சேர்ந்து தட்டை மாற்ற ஆரம்பித்தது. முப்பத்தைந்து ஆண்டில் வேலை செய்யும் வயது ஆண்களின் இதய நோய்ச் சாவு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. பால் பண்ணைக்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள், பிறகு அதே ஊரில் பழப்பயிர் பக்கம் சிலர் திரும்பினார்கள். ஒரு ஊர் சாப்பாட்டை மாற்றும்போது அங்கே உழவன் பயிரையும் மாற்ற வேண்டியிருக்கிறது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

குன்னூர் எலிகள்

சீனாவும் அமெரிக்காவும் இருக்கட்டும். நம் தட்டை யாராவது நிறுத்துப் பார்த்திருக்கிறார்களா? நூறு வருஷம் முன்பே, நம் குன்னூரில்.

ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் அங்கே பாஸ்டர் நிலையத்தில் ஒரு அறையில் ஆராய்ச்சி தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அவர் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தீட்டாத கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை, எப்போதாவது கறி என்ற சீக்கியர் சாப்பாட்டு எலிகள் முதலிடம். கடைசி இடம் யாருக்கு? சென்னை மாகாணத்துச் சாப்பாட்டுக்கு. தீட்டிய அரிசி, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய்.

ஏழை இங்கிலாந்துக்காரர் சாப்பாட்டையும் கொடுத்தார். வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரைத் தேநீர், டின் கறி, வேகவைத்த கோஸ். அந்த எலிகள் குட்டையாகப் போயின, பராமரிக்கிற ஆளைக் கடித்தன, அறுபதாம் நாள் வாக்கில் தங்களுக்குள் இளைத்ததைக் கொன்று தின்ன ஆரம்பித்தன. எலியை வைத்து மனிதனை முழுக்கச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் நம் சாப்பாடும் அவர்கள் சாப்பாடும் ஒரே மூலையில் போய் நின்றதைப் பாருங்கள். இரண்டிலும் தானியத்தின் தவிட்டை உரித்து எறிந்துவிட்டார்கள், பச்சை கொஞ்சம்.

எங்க ஆயா காலத்தில் இந்தக் கரையில் இவ்வளவு அரிசி ஏது? மணல் மண். கேழ்வரகுக் கூழ், வேர்க்கடலை, முருங்கைக்கீரை, உமரிக்கீரை, கழிமுகத்தில் இருளர் கையால் தடவிப் பிடித்த இறால், நண்டு. நெல்லுச்சோறு விசேஷத்துக்கு. பஞ்சத்தில் வாடிய காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. ஆனால் விசேஷச் சாப்பாட்டை மூணு வேளையாக்கினது என் தலைமுறைதான்.

இப்போது என் 8.9-க்கு வருகிறேன். 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 21 நாட்டில் 1,32,000-க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் ஒன்பதரை ஆண்டு பின்தொடர்ந்தது. சென்னை சர்க்கரை நோய் ஆய்வு மையத்து மருத்துவர் மோகனும் அதில் உண்டு. நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களை, 150 கிராமுக்குக் கீழ் சாப்பிடுகிறவர்களோடு ஒப்பிட்டார்கள். தெற்காசியாவில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 61 விழுக்காடு கூடுதல். சீனாவில்? அப்படிப்பட்ட தொடர்பே தெரியவில்லை.

அரிசி அதே அரிசிதான். அளவு வேறு. தெற்காசியாவில் சாதாரணமாக ஒருவர் சாப்பிடும் சோறு 630 கிராம், சீனாவில் 200. அவர்களுக்குக் கிண்ணம், நமக்குத் தலைவாழை இலை. அவர்கள் கீரை, காய், சோயாக்கட்டி, மீன் என்று வைத்து, நடுநடுவே சோறு எடுக்கிறார்கள். நாம் சோற்றை மலையாகக் குவித்து, அதை உள்ளே தள்ளுவதற்குக் குழம்பு ஊற்றுகிறோம். சாம்பார் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு. மூணு வகை என்று பெயர், மூணும் சோறு.

என் கிச்சிலிச் சம்பா நஞ்சில்லாதது, உண்மை. ஆனால் ‘வெள்ளையா இருந்தாத்தான் வாங்குறாங்க’ என்று மில்லில் இரண்டு முறை தீட்டி எடுத்தேன். வீட்டுக்கும் அதே மூட்டை. விஷம் இல்லாத மாவுச்சத்தை நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் தின்றிருக்கிறேன்.

“அப்போ மாப்பிள்ளைச் சம்பா, தினைன்னு மாறிட்டா போதுமா?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். போதாது. தீட்டாத அரிசியும் சிறுதானியமும் கண்டிப்பாக மேல். ஆனால் 600 கிராம் தினைச் சோறு போட்டுக்கொண்டாலும் கணக்கு இடிக்கும்.

இரண்டு அரசாங்கமும் ஒரே தட்டைக் காட்டுகிறது. சீனாவின் 2022 உணவு வழிகாட்டியை அடுக்குக் கோபுரமாக வரைந்திருக்கிறார்கள், பகோடா என்பார்கள், நம்ம பக்கோடா இல்லை. அதில் காய்கறி நாளைக்கு 300 முதல் 500 கிராம், தானியம் 200 முதல் 300, எண்ணெய் 25 முதல் 30. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில் காய்கறி, கீரை 400 கிராம், தானியம் 250, பருப்பு 85, எண்ணெய் 27. எல்லாம் பச்சை எடை. எண்ணெய்க் கணக்கைப் பார்த்தீர்களா, தம்பி மகன் ஒரு பிளேட்டில் ஊற்றியது இரண்டு பேர் சொல்வதையும் தாண்டுகிறது.

மண் பக்கம் ஒரு நடை

நம் இதழில் மண்ணைப் பேசாமல் முடிக்க முடியாது. அமெரிக்க வேளாண் துறையில் மண் பிரிவுக்குத் தலைவராக இருந்த எப்.எச். கிங் 1909-ல் சீனா, கொரியா, ஜப்பான் சுற்றினார். வாய்க்கால் சேற்றை அள்ளி வயலில் போடுவது, மனிதக் கழிவை மட்கவைப்பது, நெல்லுக்கு முன் பயறு விதைத்து மடக்கி உழுவது என்று அவர் பார்த்ததெல்லாம் 1911-ல் புத்தகமானது. நாலாயிரம் வருஷமாக அதே மண்ணில் எப்படி விளைகிறது என்பதுதான் அவர் கேள்வி. தையூர் ஏரி வண்டலை வண்டி கட்டி அடித்த நம் அப்பன்மாருக்கு அந்தப் பதில் தெரியும். (இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாக ரசாயன உரம் கொட்டுகிற நாடு சீனா என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

மெக்காரிசனும் இதைத் தொட்டார். கோயம்புத்தூரில் வேளாண் வேதியியலாளராக இருந்த பி. விஸ்வநாத்தோடு சேர்ந்து, தொழுவுரம் போட்டு விளைந்த சிறுதானியமும் கோதுமையும், ரசாயன உரத்தில் விளைந்ததைவிடச் சத்து மிகுந்தவை என்று 1926-ல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. நான் தொழுவுரத்தை விடப்போவதில்லை. ஆனால் தொழுவுரம் என்னைச் சர்க்கரையில் இருந்து காப்பாற்றும் என்று நினைத்தது என் மடமை.

செய்து பார்த்தது

மாத்திரையை நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீங்க. மதியச் சோற்றை 200 கிராமுக்குக் கொண்டுவந்தேன், ஒரே முறை தீட்டிய அரிசியில். முதல் பத்து நாள் பசி வயிற்றைக் கிள்ளியது. கூட்டு, பொரியல், சுண்டல் எல்லாம் 400 கிராம் ஆனதும் அடங்கியது. விக்கிற கட்டுக்கு முன்னாடி வீட்டுக் கட்டு என்று மனைவி சட்டம் போட்டுவிட்டாள். நாளைக்கு நாலு கட்டு, வருமானத்தில் குறைகிறதுதான்.

கீரை சமைப்பதில் சீனக்காரரிடம் ஒன்று கற்றுக்கொண்டோம். நாம் அரைமணி வேகவைத்து, சிலர் தண்ணீரையும் வடித்துக் கொட்டுகிறோம். சி சத்து, போலிக் அமிலம் தண்ணீரோடு போய்விடும். அவர்கள் வாணலியை நன்றாகக் காயவிட்டு, ஒரு கரண்டி எண்ணெய், நசுக்கிய பூண்டு, கழுவி உதறிய கீரை, பெரிய தீயில் இரண்டு நிமிஷம், இறக்கும்போது உப்பு. தண்டுக்கீரை, சிறுகீரைக்கு இது பிரமாதம். முருங்கைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேணும்.

வாணலிக்குச் சில ஊரில் சீனச்சட்டி என்றே பெயர். சட்டி வந்தது, வித்தை வரவில்லை.

தம்பி மகனிடம் பேசினேன். முதலில், “பெரியப்பா, நீங்க வகுப்பு எடுத்துட்டுப் போயிடுவீங்க, எனக்கு நாளைக்கு வட்டி கட்டணும்” என்றான். நியாயம்தான். தினை பிரைட் ரைஸ் போட்டுப் பார்த்தான், இருபது பிளேட்டுக்கு ஆக்கி ஆறு விற்றது. இரண்டாம் நாள் நாலு. நிறுத்திவிட்டான், நானும் வற்புறுத்தவில்லை. நின்றது பயறு முளை.

செய்முறை கேளுங்க. பச்சைப்பயறை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் கொட்டி, மேலே ஈரத்துணி, துணிமேல் ஒரு தட்டு, தட்டுமேல் ஒரு கல். வெளிச்சம் படக்கூடாது. நாளைக்கு நாலு தடவை நல்ல தண்ணீர் ஊற்றி வடியவிடணும். கல்லின் பாரத்தில் முளை ஒல்லியாக ஓடாமல் தடித்து வரும். எங்களுக்கு ஒரு கிலோ பயறு அஞ்சு நாளில் நாலு கிலோவுக்கு மேல் கொடுக்கிறது. பச்சையாகப் போடாதீங்க, சட்டியில் ஒரு நிமிஷமாவது புரட்டணும், ஈரத்தில் வளர்ந்த பொருள்.

இப்போது அவன் பிளேட்டில் முளை, கோஸ், கீரைத்தண்டு எல்லாம் சேர்த்து 150 கிராம். சோறு 220. எண்ணெய்க் கரண்டியைச் சின்னதாக மாற்றினான், ஒரு தடவைக்கு மேல் காய்ச்சிய எண்ணெய் வேண்டாம் என்பதில் இன்னும் எங்களுக்குள் இழுபறி. பிளேட் பெரிதாகத் தெரிவதால் யாரும் குறை சொல்லவில்லை. வாரத்துக்கு 12 கிலோ முளை என்னிடம் வாங்குகிறான். காலக் கீரைக்கு மேல் இது ஒரு வரும்படி. அரை ஏக்கர் நெல்லைக் குறைத்து இந்தத் தையில் பச்சைப்பயறு விதைக்கப் போகிறேன்.

ஆறு மாதம் கழித்து என் சர்க்கரை 7.2. டாக்டரம்மா “இன்னும் இறங்கணும்” என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு நாள் முழுக்க உங்க வீட்டுத் தட்டை நிறுத்து, சோறு எவ்வளவு, காய்கறி எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாங்க. பொய் எழுதாதீங்க. தராசு இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம், புதன், சனி தவிர. அன்றைக்குச் சந்தை.